செல் சாரும் படம் சாரும்

ஆரணியில் பட்டுக்குப் பேர்போன முதலாளிகள் உண்டு, அரிசிக்குப் பேர்போன மண்டிக்காரர்கள் உண்டு. எழுபதுகளில் செல்லுக்குப் பேர்போன ஆள் ஒருவர்தான் இருந்தார். கிருபாகரன் என்பது அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஊர் வைத்த பெயர் செல் சார். டீக்கடையில் "செல் சாருக்கு ஒரு டீ, சக்கரை கம்மி" என்று குரல் போகும். கண்ணமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர், "செல் சாரு ஏறிட்டாரா? போலாம் ரைட்" என்பார். சர்ச்சில் காணிக்கைப் பை நீட்டுகிற பெரியவர்கூட ஒருமுறை வாய்தவறி அப்படித்தான் கூப்பிட்டார். அதற்கெல்லாம் கிருபாகரன் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வார். உள்ளுக்குள் அவருக்கு எப்படிக் குளிர்ந்தது என்பது அவர் மனைவி ரோசம்மாளுக்குத்தான் தெரியும்.

பெயர் சும்மா வரவில்லை. ஊரில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் உயிரியல் வாத்தியார். செல் பாடம் நடத்துகிற அன்று மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கலர் சாக்பீஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். கரும்பலகையின் முன் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை ஒரே வீச்சில் சுழற்றினால், வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத ஒரு வெங்காயச் செல் வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் நீலத்தில் பெரிய நுண்குமிழ். உட்கருவை ரோஸ் கலரில், இடப்பக்கம் தள்ளி ஓரமாக வைப்பார். "நடு வூட்ட நுண்குமிழு புடிச்சிகினு கீது. உட்கரு பாவம், ஓரமா ஒதுங்கிகினு கீது" என்பார். பாகங்களைக் குறிக்கக் கோடு இழுக்கும்போது அம்புக்குறி போடவே விடமாட்டார். உயிருள்ளதைக் குத்தக் கூடாது என்பது அவர் கட்சி. கோட்டு முனையில் சின்னதாக ஒரு முட்டைதான் வைக்க வேண்டும். அவரிடம் படித்த பிள்ளைகள் வேறு எந்தப் பாடத்தில் படம் போட்டாலும் அந்த முட்டையை வைத்தார்கள். பூகோளத்தில் நதிகளுக்குக்கூட வைத்தார்கள்.

பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். அதன் அலமாரிச் சாவி அவருடைய பூணூல் மாதிரி, உடம்பை விட்டுப் பிரியாது என்று தமிழ் வாத்தியார் கிண்டல் செய்வார். ரோசம்மாள் வீட்டு வெங்காயம்தான் வருஷா வருஷம் தோல் உரிந்து அதன் கீழே போகும்.

ஒரே ஒரு குறை. செல்லுக்குள் எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று சொல்லவேண்டிய இடம் வந்தால் கிருபாகரனுக்குச் சுரத்து போய்விடும். புத்தகத்தைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை அறைக்குள் நுழையும்போதே பாதி கொட்டிப்போகும். அது பிள்ளைகளுடைய கோளாறு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டில் பாடத்திட்டம் மாறியது. புதுப் புத்தகத்தில் மைட்டோகாண்டிரியா, ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு என்று வாயில் நுழையாத பெயர்களாக வந்து இறங்கின. அதே ஜூன் மாதம் பள்ளிக்கு மணவாளனும் வந்து இறங்கினான். சேவூரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் தறி மிதித்த காய்ப்பு இன்னும் போகாத வயசு. கிருபாகரனைப் பார்த்ததும், "அண்ணா, நீங்க போடற படத்த பத்தி காலேஜ்லயே கேள்விப்பட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கிருபாகரனுக்கு அவனைப் பிடித்துக்கூடப் போயிற்று. அந்தப் பிரியம் சரியாகச் செல் பாடம் வரும்வரை இருந்தது.

ஆய்வகத்துக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அன்றைக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் கிருபாகரன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மணவாளன் குரல்.

"இன்னாடா, பேர கேட்டதும் மூஞ்சி சுருங்கிடுச்சி? இதெல்லாம் உங்க தெருவுலயே கீதுடா. பொடவ டிசைனு யாராண்ட கீது?"

"முதலாளியாண்ட சார்!" என்று வகுப்பு கத்தியது.

"தறிக்காரன் தன் இஷ்டத்துக்கு நெய்யலாமா?"

"உதைப்பாரு சார்!"

"அவருதான்டா உட்கரு. அசல் டிசைனு அவரு பீரோவ வுட்டு வெளிய வராது. நகல் எடுத்த அட்டை மட்டும் தறிக்கு வரும். அந்தத் தறிதான் ரைபோசோம். அதுல நெய்யற பொடவதான் புரதம். வூட்ல அடுப்பு எரியலன்னா தறிக்காரன் கால் மிதிக்குமா? அந்த அடுப்புதான் மைட்டோகாண்டிரியா. சரக்க தூக்கிகினு போற சந்து கீதே, அது எண்டோபிளாச வலை. நெய்து முடிச்ச பொடவய மடிச்சி, சீட்டு ஒட்டி, எந்தக் கடைக்குப் போவணுமோ அங்க அனுப்பறானே மடிப்புக்காரன், அவன் கோல்கை உறுப்பு. கழிவுப் பட்ட பொறுக்கி பிரிச்சி எடுக்கறவன் லைசோசோம். வாசல்ல நின்னுகினு யார வுடணும், யார வுடக் கூடாதுன்னு பாக்கற மேஸ்திரி செல் சவ்வு. முடிஞ்சிச்சா? எங்க, எழுந்து சொல்லு பாக்கலாம்."

எழுந்து சொன்னார்கள். யார் எழுந்தாலும் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் தூங்குகிற வேலு, தன் பெயரைக் கேட்டாலே யோசித்துச் சொல்கிறவன், அவனும் கோல்கை உறுப்பின் வேலையைக் கடகடவென்று சொன்னான். வகுப்பு சிரித்த சிரிப்பில் தட்டி அதிர்ந்தது. கிருபாகரன் கையில் இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

இவன் தெருவைச் சொல்லிப் பேர் வாங்குகிறான். நான் கண்ணமங்கலத்தில் சர்ச் உபதேசியார் வீட்டில் பிறந்தது என் குற்றமா? இப்படித்தான் அவருக்கு முதலில் தோன்றியது. அடுத்தது, இது ஒரு பாடமா, தெருக்கூத்தா என்று தோன்றியது. மூன்றாவதாகத் தோன்றியதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பாடம் நன்றாக இருந்தது.

அந்த மாதமே தலைமை ஆசிரியர் ஓர் ஏற்பாடு செய்தார். "கிருபாகரன், இரண்டு பிரிவுக்கும் படமும் ரெக்கார்டு நோட்டும் நீங்க பாத்துக்குங்க. பாடத்த இரண்டு பிரிவுக்கும் மணவாளனே நடத்தட்டும். உங்களுக்கும் பளு கொறையும்" என்றார். பளு குறைந்தது. மணவாளன் பாடம் சொல்லி முடித்துப் போன பிறகு கிருபாகரன் உள்ளே போய்ப் படம் போடவேண்டியது. கல்யாணம் முடிந்தபின் போட்டோக்காரன் வருவதுபோல. தீபாவளிக்குள் பிள்ளைகள் பெயரையும் மாற்றிவிட்டார்கள். மணவாளன் செல் சார் ஆனான். கிருபாகரன் படம் சார் ஆனார்.

டீக்கடைக்காரனுக்கு முதலில் குழம்பியது. "செல் சாருக்கு ஒரு டீ" என்று அவன் வழக்கம்போல் கிருபாகரனுக்கு நீட்ட, அங்கே நின்ற ஒரு மாணவன், "செல் சாரு இவரு இல்லீங்க, சேவூர்க்காரு" என்று திருத்தினான். அன்றிலிருந்து கிருபாகரன் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தி, தூரத்தில் இருந்த, பால் தண்ணீராக இருக்கிற ஒரு கடையில் டீ குடித்தார்.

"இன்னாத்துக்கு இப்படி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறீங்க?" என்று ரோசம்மாள் கேட்டாள். "ஒரு பேரு போனா இன்னா? சம்பளத்துல கை வெச்சாங்களா?"

"நீ சும்மா இரு."

"வயித்தெரிச்சலுக்கு மருந்து கடையில கெடைக்காதுங்க. சொல்லிட்டேன்."

மருந்து தேவைப்படவில்லை, அவர் எரிச்சலைத் தினமும் ஊதி வளர்த்தார். மணவாளன் பாடம் எடுக்கும் நேரமெல்லாம் அவர் ஆய்வகத்தில் ஏதோ ஒரு வேலையாக இருந்தார். தப்பு ஒன்றாவது சொல்லமாட்டானா என்று தட்டியோடு காதை வைத்துக்கொண்டு கேட்டார். தப்பு வரவில்லை. வருஷம் பூராவும் அப்படிக் கேட்டதில் பாடம்தான் அவருக்கு வரிக்கு வரி பாடமாகிவிட்டது. எங்கே நிறுத்துவான், எங்கே தும்முவான் என்பதுவரை தெரியும். மணவாளனோ ஒவ்வொரு சாயங்காலமும், "அண்ணா, இன்னிக்குப் படம் போட்டீங்களே, பசங்க அப்படியே சொக்கிப் போயிட்டாங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போவான். அவன் கொஞ்சம் கர்வக்காரனாக இருந்திருந்தால் கிருபாகரனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வெறுப்பதற்குப் பிடிமானம் இல்லாமல் வெறுப்பது பெரிய தொல்லை.

இரண்டாம் வருஷம் பிடிமானம் கிடைத்தது. போன வருஷம் ஒன்பதில் இருந்தவர்கள் இப்போது பத்தாம் வகுப்பு, புதுப் பாடத்திட்டத்தில் முதல் பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள். அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. தை பிறந்ததும் மணவாளனுக்குத் தங்கை கல்யாணம் என்பதால் உயிரியல் தாள்களைத் திருத்தும் வேலை கிருபாகரனிடம் வந்தது. செல் நுண்ணுறுப்புகளின் பணிகளை விளக்குக என்று ஒரு கேள்வி. முதல் தாளைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரைபோசோம் என்னும் தறியில் புரதம் என்னும் புடவை நெய்யப்படுகிறது. மைட்டோகாண்டிரியா அணைந்தால் தறி நின்றுவிடும்."

அடுத்த தாளிலும் புடவை. அதற்கடுத்ததில் மடிப்புக்காரன் சீட்டு ஒட்டினான். மணவாளன் பிள்ளைகளுக்குப் புரிவதற்காகச் சொன்ன உவமையை, பிள்ளைகள் பரீட்சைக்கான விடையாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுதாதீர்கள், புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள் என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும். மணவாளனுக்கு அது தோன்றவே இல்லை. அவன் வளர்ந்த தெருவில் தறி உவமை இல்லை, தறிதான் தறி.

கிருபாகரன் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "மணவாளா, பசங்க இப்படி எழுதறாங்க, பாத்துக்கோ" என்றால் அவன் மறுநாளே சரிசெய்துவிடுவான். காலைத் தொட்டுக்கூடக் கும்பிடுவான். அந்தக் கும்பிடை நினைத்தபோதே இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவைத் திறந்தார். எல்லாத் தாளுக்கும் முழு மதிப்பெண் போட்டார். ஒன்றிலும் ஒரு கோடு கிழிக்கவில்லை.

கல்யாணத்திலிருந்து திரும்பிய மணவாளன் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணன் திருத்தினதுக்கு மேல நான் இன்னாத்த பாக்கறது?" என்றான். மதிப்பெண்களைப் பார்த்துச் சிரித்தான்.

பப்ளிக்கில் தெரியட்டும் என்று கிருபாகரன் தனக்குள் சொல்லிக்கொண்டார். பத்தாம் வகுப்பு கவிழ்ந்தால் யார் பாடம் நடத்தினது என்றுதானே கேட்பார்கள்? அன்றைக்கு இந்த ஊருக்குச் செல் சார் யார் என்று தெரியும். பிள்ளைகளை அவர் நினைக்கவில்லை என்று சொல்லமுடியாது. நினைப்பு வரும்போதெல்லாம் அதை இடப்பக்கம் ஒதுக்கி வைத்தார்.

மே மாதம் வேலூரில் விடைத்தாள் திருத்தும் முகாம். ஓட்டுக் கட்டடத்துக்குள் வெயில் மேலேயிருந்து இறங்க, மின்விசிறி அந்தச் சூட்டையே கிண்டிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தன் பள்ளிக்கூடத்துத் தாள் என்று தெரிந்தால் ஒப்படைத்துவிட வேண்டும். கிருபாகரன் உட்கார்ந்த மேஜைக்குத் தலைமை சுப்பராயலு என்கிற முதன்மைத் தேர்வாளர். தடித்த கண்ணாடி, மெல்லிய குரல். விடைக்குறிப்பில் இருக்கிற கமாவுக்குக்கூட மதிப்பெண் உண்டா என்று பார்க்கிறவர்.

பக்கத்தில் இருந்தவர் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், கேளுங்க இத. முதலாளி தன் பீரோவிலிருந்து டிசைனை வெளியே விடமாட்டார்! இவன் பரீட்ச எழுத வந்தானா, நெசவாளர் சொசைட்டிக்கு மனு போட வந்தானா?"

மேஜையே சிரித்தது. கிருபாகரனும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். வந்தது பார் உன் தெருக்கூத்து, வேலூர்வரை வந்து நாறுகிறது பார் என்று உள்ளே ஒரு குரல் குதித்தது. கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

படம் இருந்தது. வெங்காயச் செல். உட்கரு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்ன முட்டை.

சுப்பராயலு சிரிக்கவில்லை. கட்டை இழுத்து வைத்துத் தாள் தாளாகப் புரட்டினார். "எல்லாத்திலும் ஒரே படம். எல்லாத்திலும் அதே மாதிரி முட்டை. எல்லாத்திலும் இதே பேத்தல்" என்றார். "இது மொத்தமா காப்பி. யாரோ வெளிய இருந்து ஒரே பிட்ட எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. மார்க் போட வேண்டாம். ரிசல்ட்ட நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிடறேன்."

சிரிப்பு அடங்கியது. கிருபாகரன் இன்னும் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணவாளன் விழவேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். விழப்போகிற இடத்தில் அந்தப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். வேலு நின்றுகொண்டிருந்தான். அவர்களைப் பிடித்துக் கொடுத்தது பாதி மணவாளனுடைய தறி, மீதிப் பாதி அவருடைய முட்டை.

"காப்பி இல்லைங்க சார்" என்றார் கிருபாகரன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"காப்பியா இருந்தா வார்த்த ஒண்ணா இருக்கும். இந்தப் பையன் அடுப்புன்னு எழுதியிருக்கான். இது ஒரு பொண்ணு எழுத்து மாதிரி கீது, கஞ்சி காய்ச்சற பானைன்னு எழுதியிருக்கு. இவன் சாயக்காரு வூட்டுப் பையனா இருப்பான், சாய அண்டாவுக்குக் கீழ எரியற வெறகுன்னு எழுதியிருக்கான். அவங்க அவங்க வூட்ல பாத்தத எழுதிகினு கீறாங்க சார். பிட்டுல இப்படி வராது."

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றினார். "சரி. காப்பி இல்லன்னே வெச்சிக்குவோம். பேத்தல் பேத்தல்தானே? இதுல உயிரியல் எங்க இருக்கு?"

கிருபாகரன் எழுந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையை ஒரே வீச்சில் சுழற்றினார். செல் வந்தது. பிறகு வாயைத் திறந்தார். வந்தது மணவாளனுடைய பாடம்.

டிசைன் யாரிடம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். நகல் அட்டை தறிக்கு வந்தது. அடுப்பு எரிந்தது, தறி மிதிபட்டது, சந்து வழியாகச் சரக்கு போனது. மடிப்புக்காரன் சீட்டு ஒட்டி அனுப்பினான். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லப் படத்தில் அந்த உறுப்பைத் தொட்டுக் காட்டினார். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பொருமிப் பொருமிக் கேட்டதெல்லாம் ஒரு வரி சிந்தாமல் வந்தது. மணவாளன் நிறுத்துகிற இடத்தில் இவரும் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் மேஜை சிரித்தது. அடுத்த மேஜைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். இதற்குமுன் அவர் வாயால் ஒரு பாடத்தை யாரும் எழுந்து வந்து கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தையும் அனுபவிக்க விடாமல், இது அவன் சொத்து, அவன் சொத்து என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டிருந்தது.

சுப்பராயலு விடைக்குறிப்பையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உறுப்பு பேர் இருக்கு. புரதம்னு எழுதியிருக்கான். வேலையும் சரியாத்தான் சொல்றான், வழிதான் தெருவழியா வருது" என்றார். "படத்துக்கு முழுசா போடுங்க. பணிக்கு, எங்கெங்க உறுப்பு பேரும் வேலையும் சேந்து வருதோ அங்கெல்லாம் போடுங்க." பிறகு நிமிர்ந்தார். "யாருங்க இந்த வாத்தியார்? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் கட்டு கைமாறிவிடும். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இத்தனை பேர் முன்னால் மணவாளன் என்ற பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை.

"எங்க பக்கம் இப்படிச் சொல்லித் தருவாங்க சார். யாரோ ஒருத்தர்."

"படமும் அருமையா இருக்கே. அது யாரு?"

கிருபாகரன் தாம் படம் போட்ட தாளை மடித்தார். "அதுவும் யாரோதாங்க."

வீட்டுக்கு வந்து ரோசம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அப்போ நீங்கதான் பசங்கள காப்பாத்திகினு வந்தீங்க."

"நான் எங்க காப்பாத்தினேன்? அவன் பாடம் காப்பாத்திச்சி."

"அதுவும் சரிதான். அரையாண்டுல வாயத் தொறந்திருந்தா யாரும் யாரையும் காப்பாத்த வேண்டி வந்திருக்காதே?" என்றாள் ரோசம்மாள். அவளுக்கு எதையும் மூடிப் பேசத் தெரியாது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளியில் அந்த வருஷம் வேலுகூடப் பாஸானான். பாராட்டு விழா வைத்து, ஒரு முதலாளி கொடுத்த பட்டு அங்கவஸ்திரத்தை மணவாளனுக்குப் போர்த்தினார்கள். மேடையில் நாற்காலி போதாமல் கிருபாகரனைப் பக்கவாட்டில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். மணவாளன் மைக்கைப் பிடித்து, "இதுல பாதி கிருபாகரன் அண்ணன் போட்ட படத்துக்குச் சேரணும்" என்றான். கைதட்டினார்கள். பாதி, பாதி, பாதி என்று கிருபாகரனுக்கு அன்று முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பிச்சை போடுவதுபோல் போடுகிறான் பார் என்று பொருமினார். அவன் அப்படிப் போடவில்லை என்பது தெரிந்ததால் இன்னும் அதிகமாகப் பொருமினார். மறுவருஷத்திலிருந்து பிள்ளைகள் புத்தக வார்த்தையிலேயே எழுதினார்கள். யார் போய் மணவாளனிடம் சொன்னது என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஒரு சாயங்காலம் ரெக்கார்டு நோட்டுகளை நகர்த்திக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், கிருபாகரன்தான் சொன்னார். அவர் நினைத்தபடியே மணவாளன் காலைத் தொடக் குனிந்தான். நினைத்தபடியே பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்துநான்கில் மணவாளனுக்கு வெம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர் வேலை கிடைத்தது. அவன் பெட்டியைப் பஸ் மேல் ஏற்றியபோது கிருபாகரன் தாமே ஒரு கை கொடுத்தார். பஸ் திரும்பி மறைந்ததும் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. நேராகப் பழைய டீக்கடைக்குப் போய் டீ சொன்னார்.

ஜூலையில் செல் பாடம் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் படம் போட்டு முடித்தார். பிறகு புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். முகங்கள் எல்லாம் துவைத்துக் காயப்போட்டதுபோல் வெளுத்துக் கிடந்தன. முன் பெஞ்சில் இருந்து செல்லம்மாள் என்கிற பெண் எழுந்தாள். வேலுவின் தங்கை.

"சார், எங்க அண்ணன் படிக்கறப்போ தெருவ வெச்சி சொல்லித் தருவாங்களாமே சார்? அது இல்லீங்களா?"

கிருபாகரன் அவளைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை. புத்தகத்தை மூடினார். "பொடவ டிசைனு யாராண்ட கீது?" என்று கேட்டார்.

வகுப்பு கத்தியது. எங்கெங்கே சிரிக்கவேண்டுமோ அங்கெல்லாம் சிரித்தது. ஆடி முடிவதற்குள், இத்தனை வருஷம் அவர் எதற்காக வெந்தாரோ அந்தப் பெயர் தானாக வீடு திரும்பிவிட்டது. டீக்கடையில் அதே குரல்: "செல் சாருக்கு ஒரு டீ, சக்கரை கம்மி." டம்ளரைக் கையில் வாங்கி நின்றார். அதே கடை, அதே பால், அதே கொதி. ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. ஊரிலேயே இல்லாதவன் மேலும் பொறாமைப்பட முடியும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்.

வகுப்பில் நுழைந்ததும் சாக்பீஸைக்கூட எடுக்காமல் சொன்னார். "அந்தத் தெரு பாடம் நான் சொன்னது இல்ல. மணவாளன் சார் சொன்னது. சேவூர் மணவாளன்." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார், தாராள மனசெல்லாம் ஒன்றும் திடீரென்று வந்துவிடவில்லை. உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

செல்லம்மாள் விடவில்லை. "அப்போ செல் சாரு யாரு சார்? நீங்களா, அவரா?"

"அவருதாம்மா" என்றார் கிருபாகரன். "நான் பக்கத்து ரூமு."

பிள்ளைகள் அதை ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் திரும்பி, நேற்றுப் பாதியில் விட்ட படத்துக்குக் கோடு இழுத்து, முனைகளில் முட்டை வைக்க ஆரம்பித்தார்.